பொறந்தப்போ மூளைல பாதிப்பு வந்த குழந்தைக்கு தெரபி, அல்சூர் சென்டர் பத்தி என் ரிவ்யூ

பெங்களூர் அல்சூர் மெட்ரோ பக்கத்துல இருக்கிற இந்த சென்டருக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கிறேன். என் பையன் மத்த பசங்களோட எப்படி இருக்கான்னு முதல் நாளே உக்காந்து பாத்தவங்க இவங்கதான், அதுவரைக்கும் யாரும் அத கேக்கவே இல்ல.

பையன் பொறந்த உடனே அழல, ஆக்ஸிஜன் கொறஞ்சுடுச்சு, என்ஐசியூ (பச்சக் குழந்தைங்களுக்கான ஐசியூ), எம்ஆர்ஐ எல்லாம் ஆச்சு. அப்புறம் நேரத்துக்கு உக்காந்தான், நடந்தான், பேசுறான். முன்னாடி போன ஒரு கிளினிக்ல எல்லாம் நார்மல்னு ஃபைல மூடிட்டாங்க. ஆனா ப்ளே ஸ்கூல்ல இன்னொரு குழந்தை கிட்ட வந்தாலே சுவத்த பாத்து திரும்பி நின்னுக்குவான், கைல இருக்கிற பொம்மைய புடுங்கினாகூட திரும்பி பாக்க மாட்டான். வீட்ல பெரியவங்க கூச்ச சுபாவம், சின்ன வயசு மூளை தானே, தானா சரியாயிடும்னு சொல்லிட்டே இருந்தாங்க.

இங்க தெரபிஸ்ட் கேஜிஎஃப் (கோலார் தங்க வயல்) தமிழ் பொண்ணு. "அக்கா, தானா சரியாயிடும்ங்கிறது பாதிதான் உண்மை"ன்னு ஆரம்பிச்சு குரங்கு ஆராய்ச்சி எல்லாம் சொன்னாங்க, அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். 1930கள்ல மார்கரெட் கென்னார்டுன்னு ஒருத்தங்க, கை கால அசைக்கிற மூளைப் பகுதில குட்டிக் குரங்குக்கு அடிபட்டா பெரிய குரங்க விட நல்லா தேறுதுன்னு பாத்தாங்க. ஆனா 1970கள்ல பாட்ரீசியா கோல்ட்மன்னு இன்னொருத்தங்க நெத்திப் பக்க மூளைல அடிபட்ட குட்டிக் குரங்குங்கள பாத்தப்போ, ஒரு வயசுல நல்லா இருந்த குட்டிங்களுக்கே ரெண்டு வயசு வாக்குல ஞாபக சோதனைல கொறை தெரிய ஆரம்பிச்சுது. அந்த பகுதி வேலைக்கு வர வேண்டிய வயசு வந்தப்புறம்தான் கொறை வெளிய தெரியுது. சீக்கிரமே ஃபைல மூடக்கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

என்னைய உலுக்கினது கலிஃபோர்னியால டேவிட் அமரால் குழு 2001ல போட்ட ஆராய்ச்சி. ரெண்டு வாரக் குட்டிங்களுக்கு அமிக்டலாங்கிற, பயத்தோட சம்பந்தப்பட்ட மூளைப் பகுதிய சேதப்படுத்தி, திரும்ப அம்மாகிட்டயே வளர விட்டாங்க. ரப்பர் பாம்பு மாதிரி சாமானுக்கு அதுங்க பயப்படல, ஆனா இன்னொரு குரங்க பாத்தா சாதாரண குட்டிய விட ஜாஸ்தி பயந்துச்சு, கத்துச்சு. அதே சேதம் வளர்ந்த குரங்குக்கு ஆனா நேர் எதிரா, தெரியாத குரங்குகிட்டயும் தயக்கமே இல்லாம போகுது. எந்த வயசுல அடிபட்டுச்சுங்கிறதே நடத்தைய தலைகீழா மாத்துது! அந்தக் குட்டிங்கள நெனைச்சா மனசு வலிக்குது, இத லேசா எழுதல. என் பையனுக்கு ஆனது வேற மாதிரி பாதிப்பு, அமிக்டலாவான்னு யாரும் சொல்லல, அப்படியே பொருத்திப் பாக்கக்கூடாதுன்னு தெரபிஸ்டே ரெண்டு தடவ சொன்னாங்க. அந்த நேர்மைக்காகவே தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

செஷன் எப்படின்னா, பெரிய குரூப்ல தள்ளி விட மாட்டாங்க. முதல்ல அவன விட சின்ன, அமைதியான ஒரு பாப்பாவோட மட்டும். நான் கதவோரம் உக்காந்திருப்பேன். சோப்பு நுரை ஊதற பாட்டில் ஒன்னே ஒன்னு, பாப்பா ஊதும், இவன் ஒடைக்கணும், அப்புறம் பாட்டில் இவன் கைக்கு வரும். ஆரம்பத்துல அவ மூஞ்சிய பாக்காம நுரைய மட்டும் பாத்தான். பல வாரம் கழிச்சு ஒரு நாள் பாட்டில நீட்டி "நீ ஊது"ன்னு அவகிட்டயே சொன்னான், எனக்கு கண்ணு நெறஞ்சுடுச்சு. சின்ன குழந்தையோட ஏன்னு கேட்டதுக்கு, 1972ல ஹார்லோ, சுவோமின்னு ரெண்டு குரங்கு ஆராய்ச்சியாளர்ங்க செஞ்சத சொன்னாங்க. ஆறு மாசம் தனிமைல அடைச்சு வச்ச குரங்குங்களோட மூணு மாசக் குட்டிங்கள விட்டாங்களாம், குட்டிங்க போய் ஒட்டிக்கிட்டு விளையாட, அடைச்சு வச்ச குரங்குங்க நல்லாவே தேறுச்சாம். அதுங்களுக்கு மூளைல காயம் இல்ல, தனிமைதான் பிரச்சனை, ஆனாலும் பயப்படுற குழந்தைக்கு பயமுறுத்தாத ஜோடி வேணும்ங்கிற யோசனை எனக்கு சரியாப் படுது. எங்க வீட்ல அத கண்ணால பாக்குறோம்.

ஃபீஸ் ஒரு செஷனுக்கு 900 ரூபா, கொஞ்சம் ஜாஸ்திதான். பார்க்கிங் கெடையாது, மெட்ரோல வாங்க. ரிசப்ஷன்ல தமிழ், கன்னடம், ஹிந்தி மூணும் பேசுவாங்க. வெயிட்டிங் ஹால்ல டிவி சத்தம் அதிகம், சத்தத்துக்கு மெரள்ற பசங்க வர்ற எடம், தயவுசெஞ்சு அத நிறுத்துங்க.

போறவங்க என்ஐசியூ டிஸ்சார்ஜ் சம்மரியும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் கையோட எடுத்துட்டுப் போங்க, முழுசா படிச்சுட்டுதான் பேசவே ஆரம்பிப்பாங்க. சனிக்கிழமை ஜோடி செஷன் சீக்கிரம் ஃபுல் ஆயிடும், ஃபோன்லயே கேட்டு வச்சுக்கோங்க. ஆறு வயசுக்கு மேல இப்போ ஜோடி செஷன் இல்ல, கொறை லேட்டா தெரியுதுன்னு சொல்லிக்குடுத்தவங்களே அத ஆரம்பிச்சா ரொம்ப உதவியா இருக்கும்.