செவ்வாழையா, ரஸ்தாளியா?

திருநெல்வேலி மாவட்டம் களக்காடு பக்கம் வாழை போடுகிறவர்கள் ஏத்தனை (நேந்திரன் வாழையை)த் தாண்டி யோசித்தால் பேச்சு இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

சாப்பிட எனக்கு ரஸ்தாளிதான். மெல்லிய தோல், வெண்மையான சதை, இனிப்போடு லேசான புளிப்பு, அப்புறம் அந்த மணம்! ஒரு சீப்பு பழுத்தால் வீடு முழுக்கத் தெரியும். ஆனால் பழுத்ததும் சீப்பிலிருந்து உதிர்ந்துவிடும், தோலும் வெடிக்கும். சில பழங்களுக்குள் கட்டி கட்டியாகக் கல் போல இருக்கும். தூரத்துச் சந்தைக்கு அனுப்புவது கஷ்டம்.

பெரிய தொல்லை வாடல் நோய். ரஸ்தாளியை அது எளிதில் தாக்கும். இலை மஞ்சளாகி மடங்கித் தொங்கும், தண்டை அறுத்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடும். இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை மண்ணில் பல வருடம் கிடக்கும். நோய் வந்த தோட்டத்துப் பக்கக்கன்றைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பூஞ்சை குறைய, வாழைக்குப் பின் நெல் நட்டுத் தண்ணீர் கட்டுவது நல்லது.

செவ்வாழைக்கும் வாடல் வரும், இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும் முடிக்கொத்து நோயும் வரும். தார் வெட்ட ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகும். ரஸ்தாளி அதற்குள் வெட்டுக்கு வந்துவிடும். செவ்வாழை உயரமான மரம் என்பதால் ஆடிக் காற்றில் சாய்ந்தால் மொத்தமும் போச்சு. முட்டுக் கொடுக்கிற செலவைத் தவிர்க்கவே முடியாது. ஆனாலும் தடித்த தோல் பயணம் தாங்கும், விலையும் பெரும்பாலும் கூடுதல். பீட்டா கரோட்டின் நிறைய உண்டு.

விற்பனைக்கு என்றால் செவ்வாழை போடுங்கள். வீட்டுக் கொல்லையில் நாலு ரஸ்தாளி கட்டாயம் நிற்கட்டும்.