கறுப்பு காரில் கறை எடுக்கக் கொடுத்தேன், பெயிண்ட்டையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்

கறுப்பு கார் வைத்திருக்கிறீர்களா? அதில் வெள்ளை வெள்ளையாக நீர்ப்புள்ளி விழுந்து, எத்தனை தடவை கழுவியும் போகாமல், பாலிஷ் கடை தேடிக்கொண்டிருக்கிறீர்களா? வண்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இரண்டு வாரம் வெளியூரில் இருந்தேன். வண்டியை நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் இருந்ததைக் கவனிக்கவில்லை. தினமும் சாரல் பட்டு, வெயிலில் காய்ந்து, மறுநாள் மறுபடியும் பட்டு, நான் திரும்பி வந்தபோது பானெட், கூரை, டிக்கி மூடி மூன்றிலும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். ஷாம்பூ போட்டுக் கழுவினேன். ஈரமாக இருக்கும்வரை வண்டி சுத்தமாகத் தெரிந்தது. காய்ந்ததும் அத்தனை புள்ளியும் அதே இடத்தில் இருந்தது.

கார் டீடெய்லிங் செய்யும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். உரிமையாளர் பானெட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். "சார், உப்பு பெயிண்ட்டுக்குள்ள இறங்கிடுச்சு. மெஷின் போட்டாத்தான் போகும். அப்படியே செராமிக் கோட்டிங்கும் போட்டுடலாம். அஞ்சு வருஷத்துக்குப் புள்ளியே விழாது" என்றார். செராமிக் கோட்டிங் என்பது பெயிண்ட்டின் மேல் பூசி இறுக விடும் மெல்லிய பாதுகாப்புப் படலம். எல்லாம் சேர்த்து அரை நாளில் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். நம்பினேன்.

கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பையன் கையில் சுழலும் பாலிஷ் மெஷின், அதில் கம்பளி பேட். பானெட்டின் ஓரத்தில், உலோகம் மடிந்து கூர்மையாக வரும் கோட்டில், மெஷினை அழுத்திப் பிடித்து அங்கேயே தேய்த்துக்கொண்டிருந்தார். பேட்டைத் திருப்பியபோது அது கறுப்பாக இருந்தது. "என்ன இது, கறுப்பா வருதே?" என்று கேட்டேன். "அது அழுக்கு சார். இவ்வளவு நாளா வண்டியில இருந்தது" என்றார் உரிமையாளர். அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மாலையில் கடையின் விளக்கு வெளிச்சத்தில் வண்டியைக் காட்டினார்கள். முகம் பார்க்கலாம் போல மின்னியது, ஒரு புள்ளி இல்லை. ஐந்து வருட உத்தரவாதம் என்று அச்சடித்த அட்டையும் கொடுத்தார்கள். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு தடவை வீட்டில் கழுவினேன், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் ஒரு மதியம் வெயிலில் பார்த்தபோது பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கீறல்கள். அதற்கு மேல், நாம் நகர நகர தானும் நகரும் நிழல் போன்ற பட்டைகள். போனதாக நினைத்த புள்ளிகளில் பாதி திரும்பத் தெரிந்தன. பானெட்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு இடம் பளபளப்பே இல்லாமல் மங்கிக் கிடந்தது.

பல வருடமாகக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதலில் ஒரு சின்ன கருவியை எடுத்தார். பெயிண்ட்டின் கனத்தை அளக்கும் மீட்டர், உலோகத்தின் மேல் வைத்தால் மொத்தப் பூச்சு எத்தனை மைக்ரான் என்று காட்டும். டிக்கி மூடியில் வைத்தார், 121. பானெட்டின் நடுவில் 98. ஓரத்தில் 71. "ஓரத்துல எப்பவுமே கொஞ்சம் மெல்லிசாத்தான் இருக்கும் தம்பி, ஆனா இவ்வளவு இல்ல. அங்க க்ளியர் போயிடுச்சு" என்றார்.

இந்த எண்களின் அர்த்தம் புரிந்தால்தான் நடந்தது எவ்வளவு பெரிய தவறு என்று புரியும். தொழிற்சாலையில் அடிக்கும் பூச்சில் பிரைமர், அதற்கு மேல் நிறம், அதற்கும் மேல் நிறமே இல்லாத க்ளியர் கோட் என்று அடுக்கு அடுக்காக இருக்கும். பெரும்பாலான கார்களில் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் க்ளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரை. தலைமுடி ஒன்று சராசரியாக 70 மைக்ரான் இருக்கும். அதாவது நாம் பளபளப்பு என்று பார்ப்பதும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் முடியைவிட மெல்லிய ஒரு படலம். காம்பவுண்டு என்னும் தேய்த்து எடுக்கும் பசையைப் போட்டு மெஷின் ஓட்டும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் சீவி எடுக்கப்படுகிறது. சீவியது திரும்ப வளராது. ஒரேயடியாகப் போய்விட்டால் அந்தப் பகுதிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போது அந்தக் கறுப்பு பேட். க்ளியர் கோட்டுக்கு நிறம் கிடையாது. அது இருக்கும்வரை பேட்டில் மருந்தின் நிறமும் கொஞ்சம் அழுக்கும்தான் வரும். வண்டியின் நிறம் பேட்டில் ஒட்ட ஆரம்பித்தால் க்ளியரைத் தாண்டி நிறப் பூச்சையே தேய்க்கிறார்கள் என்று அர்த்தம். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றிலும், க்ளியரே இல்லாமல் ஒற்றைப் பூச்சாக அடித்தவற்றிலும் நிறம் வருவது இயல்பு. என் வண்டி அப்படிப்பட்டது இல்லை. நன்றாகக் கழுவித் துடைத்த பானெட்டில் அவ்வளவு அழுக்கு எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வியை நான் அன்று கேட்கவில்லை.

எனக்கு மிகவும் வலித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். கடையில் டிக்கி மூடியை மெஷின் போடாமலேயே விட்டிருக்கிறார்கள். மேலாக எண்ணெய்ப் பசையுள்ள எதையோ தடவி மறைத்திருக்கிறார்கள், அது கழுவும்போது போய்விட்டது. அதனால் பழைய புள்ளிகள் அங்கே அப்படியே இருந்தன. அண்ணன் வெள்ளை வினிகரும் காய்ச்சி வடித்த நீரும் சமமாகக் கலந்தார். வண்டி நிழலில், தகடு சூடில்லாமல் இருந்தது. மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் புள்ளிகள் மேல் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் விட்டார். காய விடவில்லை. துணியை எடுத்து, அழுத்தாமல் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, ஷாம்பூ போட்டுக் கழுவினார். பத்தில் எட்டுப் புள்ளி போயிருந்தது. மெஷின் இல்லை, காம்பவுண்டு இல்லை, ஒரு மைக்ரான் கூட இழக்கவில்லை.

காரணம் சிக்கலானது இல்லை. உப்புத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் கரைந்திருக்கும். நீர் ஆவியானதும் அவை மட்டும் வெள்ளையாகத் தங்கிவிடும். கறுப்பு நிறம் வெயிலில் மற்ற நிறங்களைவிட அதிகம் சூடாவதால் சீக்கிரம் காயும், கெட்டியாகவும் பிடிக்கும். வினிகரில் இருக்கும் மென்மையான அமிலம் அந்தப் படிவத்தைக் கரைத்துவிடும். கரைய வேண்டியதைச் சுரண்டி எடுத்ததுதான் அந்தக் கடை செய்த வேலை.

மீதி இரண்டு புள்ளிகளில் விரல் வைத்தால் மேடாக இல்லை, லேசான குழியாக இருந்தது. உப்பு அங்கே பூச்சையே அரித்திருக்கிறது. அதற்கு மட்டும் அண்ணன் மென்மையான ஸ்பாஞ்சில் நைசான பாலிஷ் எடுத்துக் கையால் தேய்த்தார். ஒன்று மறைந்தது. இன்னொன்று மங்கலாக மிச்சம் இருக்கிறது. "விட்டுடு தம்பி, அந்த ஒரு புள்ளிக்காகக் க்ளியரை இழக்காதே" என்றார். வேலை தெரிந்தவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருக்கிறார்.

சரி, அந்தச் செராமிக் கோட்டிங்? ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து பானெட்டின் ஒரு மூலையைத் துடைத்துக் காட்டினார். அதுவரை ஓரளவு மறைந்திருந்த கீறல்களும் பளிச்சென்று வெளியே வந்தன. எண்ணெயும் நிரப்பியும் கலந்த கிளேஸ் ஒன்றைத் தடவி கீறல்களை அடைத்துவைத்திருக்கிறார்கள். உண்மையான கோட்டிங் காய்ந்து இறுகியபின் ஆல்கஹாலுக்கும் போகாது, ஷாம்பூவுக்கும் போகாது. அதைப் போடுவதற்கு முன்பே எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தாக வேண்டும், போட்டபின் குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். எனக்கோ அன்று மாலையே, "மழை வந்தாலும் கவலையில்லை சார்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள்.

நல்ல கோட்டிங்குக்கே ஒரு எல்லை உண்டு. அது ஓரிரு மைக்ரான் கனம்தான். 9எச் என்று விளம்பரப்படுத்துவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல், வைரத்துக்குப் பக்கத்தில் வரும் கடினம் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் உருண்டோடும், கழுவுவது சுலபமாகும், அது உண்மை. ஆனால் உருண்ட துளி ஓடாமல் நின்று வெயிலில் காய்ந்தால் அதன் மேலும் உப்புப் புள்ளி விழும். "புள்ளியே விழாது" என்று யார் சொன்னாலும் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

படங்களோடு கடைக்குப் போனேன். மாதம் ஒரு தடவை அங்கேயே வந்து கழுவாததால் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பானெட் ஓரத்தைக் காட்டியதற்கு, அது முன்பே அப்படி இருந்திருக்கும் என்றார்கள். கொடுப்பதற்கு முன் நான் படம் எடுத்துவைக்கவில்லை. தயவுசெய்து நீங்கள் எடுத்துவையுங்கள். ஒவ்வொரு பகுதியையும், முக்கியமாக ஓரங்களை, வெயிலில் வைத்து எடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. மெஷினை எடுப்பதற்கு முன் கனம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பார்களா? முதலில் கரைக்கும் மருந்தை ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்ப்பார்களா? ஓரங்களுக்கும் கோடுகளுக்கும் டேப் ஒட்டுவார்களா? முடிந்தபின் ஆல்கஹால் துணியால் ஒரு இடத்தைத் துடைத்து, வெயிலிலோ கைபேசி டார்ச் வெளிச்சத்திலோ காட்டுவார்களா? இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கும் கடை வேண்டாம். நல்ல கடைக்காரர் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

வினிகர் எல்லாக் கறைக்கும் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பறவை எச்சத்தை ஈரத் துணியால் ஊறவைத்து அன்றே எடுத்துவிட வேண்டும். காய்ந்ததை அப்படியே துடைத்தால் அதில் இருக்கும் மணல் துகள் கீறிவிடும், விட்டுவைத்தாலோ அதன் அமிலம் வெயிலில் பூச்சை அரித்துவிடும். மரப் பிசினுக்கு ஆல்கஹால், தார் புள்ளிக்குத் தார் நீக்கி. கழுவியபின்னும் கை வைத்தால் சொரசொரப்பாக இருந்தால், மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். அது பெரும்பாலும் பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகள். இரும்பு நீக்கி தெளித்தால் ஊதா நிறமாக மாறி வழியும். அதற்கும் போகாததற்குத்தான், ஒட்டிய துகளைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற க்ளே கட்டி, அதுவும் வழுவழுப்பாக நிறைய நீர்மம் தெளித்துத்தான்.

அன்றாடக் கவனிப்பில் கறுப்பு வண்டியைக் கெடுப்பது தூசியை உலர்ந்த துணியால் தட்டும் பழக்கம். நானும் தினமும் காலையில் அதைத்தான் செய்துவந்தேன். தூசி என்பது நுண்ணிய மணல், துணி அதை இழுத்துக்கொண்டு போகும். வெள்ளை வண்டியிலும் அதே கீறல் விழும், ஆனால் கண்ணுக்குப் படாது. கறுப்பில் ஒளி பட்டதும் ஒவ்வொன்றும் மின்னும். இப்போது நிழலில், தகடு ஆறியபின், முதலில் வெறும் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்குகிறேன். இரண்டு வாளி, ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் துணி அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வருகிறேன், சக்கரங்களுக்குத் தனித் துணி. தானாகக் காய விடுவதே இல்லை, பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கிறேன். கீழே விழுந்த துணியை, எவ்வளவு உதறினாலும், மறுபடி பெயிண்ட் மேல் வைப்பதில்லை.

பானெட்டுக்கு முழுதாகப் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஓரத்தை மட்டும் அடித்தால் வெயிலில் வித்தியாசம் தெரியுமாம். அதுவரை அந்த இடத்தில் மெழுகு போட்டுவைக்கச் சொன்னார், போட்டுவைத்திருக்கிறேன். கடைக்காரர் தேய்க்காமல் ஏமாற்றிய டிக்கி மூடி மட்டும் தொழிற்சாலையில் அடித்த பூச்சோடு இன்னும் ஆழமான கறுப்பில் இருக்கிறது.