தோட்டக்கலை விநியோகச் சங்கிலி: எம்.எஸ்சி.யா, எம்.பி.ஏ.வா?

காயும் கனியும் தோட்டத்திலிருந்து கடைக்கு வந்து சேரும் பாதையை நிர்வகிக்கக் கற்க விரும்பும் தோட்டக்கலைப் பட்டதாரிக்கு, ‘தோட்டக்கலை விநியோகச் சங்கிலி’ என்ற பெயரிலேயே ஒரு முதுநிலைப் பட்டம் நம் நாட்டில் எளிதில் அகப்படுவதில்லை. அறுவடைக்குப் பிந்தைய மேலாண்மையில் எம்.எஸ்சி., வேளாண் வணிக மேலாண்மையில் எம்.பி.ஏ. என்ற இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் ஈராண்டுப் படிப்புகளே.

தேனிப் பக்கத்தில் விளையும் ஜி-9 என்ற வாழை ரகத்தை எடுத்துக்கொள்வோம். பச்சைக்காயாகவே வெட்டி, சீப்புகளாகப் பிரித்து, பால் போகக் கழுவி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ் குளிரில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். குளிர் அதற்கும் கீழே இறங்கிவிட்டால் தோல் மங்கிக் கருக்கும். பிறகு காயைக் கனியவைக்கும் எத்திலீன் வாயுவைக் கொடுத்துப் பழுக்க வைத்தாலும் அந்தப் பொன்மஞ்சள் நிறம் வராது. எம்.எஸ்சி. மாணவர் இந்தக் குளிர்ப் பாதிப்பு ஏன் நேர்கிறது என்பதைக் காயின் சுவாச வேகத்தையும் எத்திலீன் வெளிப்பாட்டையும் அளந்து ஆராய்கிறார். எம்.பி.ஏ. மாணவரோ, கருத்துப்போன பெட்டியின் நஷ்டம் விவசாயிக்கா, ஏற்றுமதியாளருக்கா, லாரிக்காரருக்கா என்பதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்று கற்கிறார்.

குறை இரு பக்கமும் உண்டு. ஆய்வகக் குளிரறையில் வெப்பநிலை அசையாமல் நிற்கும். சரக்கு ஏற்றும்போது கதவைத் திறந்தே வைத்திருக்கும் லாரியில் அப்படி நிற்காது. எம்.பி.ஏ.வின் விநியோகச் சங்கிலிப் பாடங்களோ பெரிதும் தொழிற்சாலைப் பண்டங்களை வைத்து வளர்ந்தவை. தேவை திடீரென்று கூடினால் சமாளிக்கக் கையிருப்பு வைத்துக்கொள் என்ற சூத்திரம் சோப்புக்குப் பொருந்தும். நன்கு பழுத்த தக்காளி கையிருப்பில் எத்தனை நாள் தாங்கும்? என் கணிப்பில் இந்த இரண்டாவது குறையே பெரியது, ஏனெனில் சந்தை வழக்கத்தை மண்டியில் நின்று பழகிக்கொள்ளலாம், காயின் உடலியலை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது.

எம்.எஸ்சி.க்கு தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும், 2008-இல் தொடங்கப்பட்ட பாகல்கோட்டை தோட்டக்கலை அறிவியல் பல்கலைக்கழகமும் கவனிக்கத்தக்கவை. முனைவர் பட்டமோ பல்கலைக்கழகப் பணியோ எண்ணத்தில் இருப்பவருக்கு இதுவே நேர்வழி. எம்.பி.ஏ. பக்கம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. கேட் (CAT) என்ற மேலாண்மை நுழைவுத்தேர்வின் மதிப்பெண் கையில் உள்ளவர்கள் அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்கோ, முதுநிலை டிப்ளமோ தரும் ஹைதராபாத் மேனேஜ் (MANAGE) என்ற வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்துக்கோ விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.எம். கட்டணம் அரசுப் பல்கலைக்கழகத்தைவிடப் பல மடங்கு. கல்விக்கடனை அடைக்கும் அவசரத்தில் தோட்டக்கலையையே விட்டு வங்கி வேலைக்குப் போய்விடும் வாய்ப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பயிர் அறிவியலும் மேலாண்மையும் ஒரே வளாகத்தில் இருப்பது பொறாமைப்பட வைக்கும் வசதி. ஆனால் அங்குள்ள சந்தை வேறு: அந்நாட்டின் ஆல்ஸ்மீர் மலர்ச் சந்தையின் ஏலக் கடிகாரத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கும், முதலில் பொத்தானை அழுத்தியவருக்கே சரக்கு. தரகும் முன்பணமும் பின்னிக் கிடக்கும் நம் மண்டிக்கு அந்த ஒழுங்கை அப்படியே கொண்டுவர முடியாது.

பி.எஸ்சி. தோட்டக்கலை முடித்தவர் அறுவடைக்குப் பிந்தைய பாடங்களின் அடிப்படையை ஏற்கெனவே படித்திருப்பார். ஆராய்ச்சியில் நாட்டமில்லாத அவர், நுழைவுத்தேர்வுக்கு முன் ஒரு மாம்பழப் பருவம் முழுவதும் கிருஷ்ணகிரியில் ஏதேனும் ஒரு கூழ் ஆலையின் கொள்முதல் வாசலில் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ.வில் சேரலாம். பொறியியலோ வணிகவியலோ படித்து வந்தவருக்குத் தோட்டக்கலை எம்.எஸ்சி.யின் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. எம்.பி.ஏ.வையே நாட வேண்டிய அவருக்குக் கொள்முதல் வாசலில் ஒரு பருவம் போதாது, இரண்டாவது பருவமும் தேவைப்படும்.