சுருள் பட்டையா, காசியாவா? தினமும் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது

என் அத்தை சர்க்கரை நோய்க்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி பட்டைத் தூளை வெந்நீரில் கலந்து குடித்துவந்தார். எந்தப் பட்டையை அரைக்கிறார் என்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். தடித்த, செம்பழுப்பு நிறத் துண்டுகள். அத்தனையும் காசியா.

நம் மளிகைக் கடைகளில் "பட்டை" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. இலங்கைத் தமிழர்கள் கறுவா என்றும் நாம் சுருள் பட்டை என்றும் சொல்வது வேறு மரத்தின் பட்டை. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

அடையாளம் காண்பது எளிது. சுருள் பட்டையின் முனையைப் பாருங்கள்: காகிதம்போல மெல்லிய பல அடுக்குகள், சுருட்டு மாதிரி உள்ளுக்குள் செருகிக் கிடக்கும். நிறம் வெளிர் பழுப்பு. விரலால் அழுத்தினாலே நொறுங்கும். காசியா ஒரே தடித்த அடுக்கு. உடைக்கப் பலம் வேண்டும். தூளாகிவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கடினம். அதனால்தான் தூள் வாங்காதீர்கள் என்கிறேன்.

சுருள் பட்டையின் விலைக்குக் காரணம் கைவேலை. கிளையின் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி உலர்த்துகிறார்கள். அதில் மிக மெல்லியதற்கு 'ஆல்பா' (Alba) என்று பெயர். 2022இல் இலங்கையின் சுருள் பட்டை 'சிலோன் சினமன்' என்ற பெயரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்றது.

சமையலுக்கு என்றால் காசியாவைக் குறை சொல்ல மாட்டேன். பிரியாணிக்கும் குருமாவுக்கும் அந்தக் காரமான, அழுத்தமான வாசனைதான் பொருத்தம். சூடான எண்ணெயில் நின்று பேசும். சுருள் பட்டையின் மென்மையான, இனிப்பு கலந்த மணம் தேநீருக்கும் பாயசத்துக்கும் உரியது.

மருந்தாகத் தினமும் எடுக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்பட அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூமரினுக்கு வகுத்த வரம்பு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். காசியாத் தூளில் கிராமுக்குச் சுமார் 3 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். ஒரு தேக்கரண்டித் தூளிலேயே வரம்பு தாண்டிவிடலாம். சுருள் பட்டையில் கூமரின் மிக மிகச் சொற்பம்.

வயிற்று உப்புசம், குமட்டல், சளி ஆகியவற்றுக்குச் சுக்கோடு பட்டை தட்டிப்போட்ட கஷாயம் நம் வீடுகளில் வழிவழியாக வருவது. அது இரண்டு நாள் மருந்து, மாதக்கணக்கில் குடிப்பதற்கல்ல. சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். பழைய டப்பா இப்போது பிரியாணி மசாலாவோடு இருக்கிறது. காலைத் தண்ணீரில் ஒரு சிறு துண்டு சுருள் பட்டை மட்டும், அதுவும் அவருடைய மருத்துவருக்குத் தெரிந்து.