'வெட்டு இல்லாத' பேய்ப்படம்னு சொல்லி 340 வெள்ளி கறந்துட்டாங்க – பினாங்கு மக்களே, பார்த்து!

கோபம் ஆறினதும் எழுதுன்னு வீட்டுல சொல்றாங்க. ஆறிட்டா நான் எழுத மாட்டேன், அதனால இப்பவே எழுதுறேன். 340 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். டிக்கெட் ஒண்ணு 85, நாலு டிக்கெட். அதே மால்ல, அதே ஹால்ல சாதாரணக் காட்சிக்கு இதுல பாதிகூட ஆகாது.

வித்தது தியேட்டர் இல்ல. ஒரு காட்சியை மொத்தமா எடுத்து 'ரசிகர் சிறப்புக் காட்சி'ன்னு போன்லயே விக்கிற ஏற்பாட்டுக் குழு ஒண்ணு. பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு தம்பி பயப்படுறான், அதனால போடல.

பேய்ப்படம், ரெண்டாம் பாகம். முதல் பாகம் எங்க வீட்டுல எல்லாருக்கும் உசுரு. பாட்டு கிடையாது, ஒரே வீடு, ராத்திரியில அம்மி அரைக்கிற சத்தம் மட்டும் கேக்கும். பேயைக் கடைசி வரைக்கும் முழுசா காட்டவே மாட்டாங்க. ரெண்டாம் பாகத்துல பெரிய ஹீரோ வந்துட்டாருன்னு கேட்டதுமே எனக்கு நெருடல். அதனாலதான் காசு கட்டுறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டேன்.

அந்த ஆள் பேசின பேச்சு இருக்கே! "அக்கா, நானும் உங்கள மாதிரிதான். அந்த அம்மிச் சத்தத்துக்கு ஒரு வாரம் லைட்டைப் போட்டுட்டுத் தூங்கினேன்." அந்த ஒரு வார்த்தையில நம்ம ஆளுன்னு தோணிடுச்சு. விடாம அடுக்கினான். "தியேட்டர்ல ஓடுறது பொதுசனத்துக்கு வெட்டி ஒட்டினது அக்கா. நாங்க போடுறது வெட்டு இல்லாத முழுப் பிரதி. குத்துப்பாட்டு கிடையாது, காமெடி கிடையாது, 28 நிமிசம் கூடுதல். படம் முடிஞ்சதும் இயக்குநர் வீடியோவுல பேசுவாரு." இதெல்லாம் வாட்சாப்ல எழுத்துல தாங்கன்னு கேட்டேன், உடனே எழுதி அனுப்பினான். அப்புறம்தான் கியூஆர் கோட் வந்துச்சு. 340 வெள்ளி போச்சு.

பட்டர்வொர்த்துலருந்து வர்றோம், பாலத்துக்கு டோல் வேற. விளக்கு அணைஞ்சதும் திரையில என்ன? ஹீரோ பைக்ல பறந்து வர்றாரு. பின்னாடியே பாட்டு. அம்மி அரைச்ச அந்தக் கிழவி, கம்ப்யூட்டர்ல செஞ்ச பொம்மையா ஆகாயத்துல பறந்து ஹீரோகிட்ட அடி வாங்குது. நடுவுல ஒரு காமெடியன் பேயைப் பார்த்து லுங்கியை அவுத்துட்டு ஓடுறாரு. சின்னப் புள்ளைங்க சிரிக்குதுங்க, அது அதுங்களுக்குன்னு எடுத்த படம்தான், அதுக்கு நான் சண்டைக்கு வரல. எல்லாருக்கும் பிடிக்கணும்னு காரத்தையெல்லாம் எடுத்துட்டு இனிப்பைக் கொட்டின சம்பல் மாதிரி ஆயிடுச்சு. ஆனா என் வழக்கு படத்து மேல இல்ல. பக்கத்து ஹால்ல குறைஞ்ச விலைக்கு ஓடுற அதே படத்தை எனக்கு 85 வெள்ளிக்கு வித்தது மேல. நிமிசம்கூட மாறல, வெளியில ஒட்டியிருந்த நேரத்தோட ஒத்துப் பார்த்தேன். இயக்குநரும் வரல. 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு ஒரு ஸ்லைடு போட்டு விளக்கைப் போட்டுட்டாங்க.

வெளியில வர்றப்போ, முன்னாடி கேசட் கடை வெச்சிருந்த ஒரு அங்கிள் சொன்னாரு: "அம்மா, இந்த நாட்டுல தணிக்கை வாரியம் பாஸ் பண்ணாம எந்தப் படத்தையும் ஓட்டக் கூடாது, 2002ஆம் ஆண்டுச் சட்டம். தனிப் பிரதின்னா அதுக்கும் தனியா அனுமதி வாங்கியிருக்கணும். வாங்கினீங்களான்னு அவனைக் கேளு."

கேட்டேன். முதல்ல வாட்சாப்ல படிச்சதுக்கான நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. அப்புறம், "படம் பிடிக்கலேன்னா நாங்க என்ன பண்றது அக்கா, ரசனை ஆளுக்கு ஆள் மாறும்." ரசனையா? நீ எழுதி அனுப்பின 28 நிமிசம் எங்கேன்னு கேட்டா, "விநியோகஸ்தர்கிட்ட கேளுங்க." எந்த விநியோகஸ்தர்னு கேட்டா, "அட்மின் வெளியூர்ல இருக்காரு." கடைசியா ஒரு பொண்ணு போன் எடுத்து, அடுத்த பேய்ப்படத்துக்கு 10 வெள்ளி கழிவு தர்றோம்னு சொல்லுச்சு. 340 வெள்ளிக்கு 10 வெள்ளி கழிவு, அதுவும் மறுபடி அவங்ககிட்டயே வாங்கினாத்தானாம்! நான் பேசி முடிக்கிறதுக்குள்ள அவங்க வாட்சாப் குழுவுலருந்து என்னைத் தூக்கிட்டாங்க.

எப்படித் தப்பிக்கிறதுன்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது. சட்டுனு சொல்றேன். 'வெட்டு இல்லாதது', 'சிறப்புப் பிரதி'ன்னு யாராவது வித்தா, தியேட்டர் கவுண்டருக்கே போன் போட்டுக் கேளுங்க. கம்பெனி பேருல இல்லாம தனி ஆள் கணக்குக்குக் காசு போகுதுன்னா போடாதீங்க. வாட்சாப் பேச்சை உடனே படம் பிடிச்சு வெச்சுக்குங்க, என்னைத் தூக்கினதும் அவன் பழைய மெசேஜ் பாதியை அழிச்சிட்டான். பயனீட்டாளர் டிரிபியூனல்ல 5 வெள்ளி கட்டினா வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். நான் அதுக்கான ஃபாரம் எடுத்துட்டேன்.

அதே குழு அடுத்த படத்துக்கு விளம்பரம் போட்டிருக்கு. இந்தத் தடவை டிக்கெட் 95.