ஊருக்குப் போகும்போது ஸ்பிட்ஃபயர் சாமான்: சென்னையில் எதைச் செய்யலாம், எதை வாங்கக் கூடாது

இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோ எம்.ஜி.யோ போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சென்னைக்கு வரும்போது வாங்க வேண்டிய சாமான் பட்டியலோடு வருகிறார்கள். அதைவிட, காரிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பாகத்தைத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். இங்கே புதுசு வாங்குவதைவிடப் பழசைச் சரி செய்வதில்தான் லாபம்.

சென்னைக்கும் இந்த கார்களுக்கும் உறவு உண்டு. ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர அமைப்பு ட்ரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டுடையது. அந்த ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்ட் கம்பெனி இங்கேயே தயாரித்தது. அம்பாசிடரில் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் எம்.ஜி.யின் எம்.ஜி.ஏ. 1500 கார் இன்ஜினுக்கு உடன்பிறப்பு. சென்னை பாடியில், கார் மின்பாகங்கள் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் ஆலை 1960-களிலேயே வந்துவிட்டது. அதனால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் லூகாஸ் டைனமோவைப் பார்த்து முழிக்காத பட்டறை இன்னும் இருக்கிறது. பழைய கார் பாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையில் ஹெரால்டு சாமான் கிடைப்பது மட்டும் அதிர்ஷ்டம்தான்.

டைனமோ காயில் கட்டக் கொடுப்பதுதான் முதல் வேலை. லூகாஸின் சி40 வகை டைனமோவின் ஃபீல்டு காயில் சுமார் 6 ஓம் காட்ட வேண்டும். பட்டறையிலிருந்து திரும்ப வாங்கும்போது மீட்டர் வைத்துப் பாருங்கள். கம்யூட்டேட்டரில் (கார்பன் பிரஷ் உரசும் சுழல் உருளை) செப்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவை 0.8 மில்லிமீட்டர் வரை தாழ்த்தி வெட்டுவார்கள். டைனமோவுக்கு அது சரி. லூகாஸ் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வெட்டவே கூடாது. பழக்க தோஷத்தில் வெட்டிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1967-க்கு முந்தைய கார் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். பட்டறையில் நெகட்டிவ் எர்த்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் டைனமோவின் மிச்சக் காந்தம் தலைகீழாகியிருக்கும். காரில் மாட்டியதும், ரெகுலேட்டர் ஒயர்கள் கழன்றிருக்கும்போதே, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து (காரின் உடலோடு இணையாத முனை) ஒரு ஒயரை டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். இதைச் செய்யாமல் ‘சார்ஜே ஏறலை’ என்று பட்டறைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட் ஆடினால், உள்ளே திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி நிற்காது. லேத்தில் புஷ் மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் குடிக்கும் சின்டர்டு வெண்கல புஷ்ஷாக இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறிய பிறகுதான் அடிக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார், பாயின்ட்டோடு சேர்ந்த கண்டென்சர் இரண்டையும் பெட்டியில் அச்சடித்த பெயரை நம்பி வாங்காதீர்கள், சென்னையிலும் சரி, இங்கிலாந்திலும் சரி. பித்தளைத் தகட்டை ரிவெட்டால் பிடித்திருக்கும் மலிவு ரோட்டாரில், ரிவெட்டின் அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் ஷாஃப்ட்டுக்குப் பாய்ந்துவிடும். கார் போகிற போக்கில் அணைந்துவிடும். சோதிக்க, ரோட்டாரை அதன் இடத்திலேயே விட்டு, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை இடுக்கியால் பிடித்துத் தகட்டுக்கு மேல் 3 மில்லிமீட்டரில் வைத்து, இக்னிஷனை ஆன் செய்து பாயின்ட்டைத் திறந்து மூடுங்கள். தொடர்ந்து பொறி தாவினால் ரோட்டார் காலி. ரிவெட் இல்லாத வகையைத் தேடி வாங்குவது நல்லது. கண்டென்சர் 0.2 மைக்ரோஃபேரட் அளவில் இருக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, 20 நிமிடம் ஓடிச் சூடானதும் காலை வாருவதுதான் அதன் குணம்.

ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போடும் வேலை இங்கே நன்றாக நடக்கிறது. செம்பு, பித்தளைக் கோர் என்று அழுத்திச் சொல்லுங்கள். மூடியின் அழுத்த அளவு 7 பி.எஸ்.ஐ. என்றால் 10 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்து, தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ரப்பர் புஷ் வார்க்கக் கொடுத்தால் ஷோர் ஏ (ரப்பர் கடினத்தை அளக்கும் அளவுகோல்) 65 முதல் 70 வரை கடினம் கேளுங்கள். ‘ரப்பர்தானே சார்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். ரீகிளெய்ம் (பழைய ரப்பரிலிருந்து மீட்டது) கலந்தால் சீக்கிரமே வெடித்துவிடும். பெட்ரோல் குழாயை இதில் சேர்க்காதீர்கள். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 பெட்ரோல். எத்தனாலைத் தாங்கும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 முத்திரை உள்ள குழாய்தான் வேண்டும்.

ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர ட்ரனியனை (சக்கரத் தண்டு அடியில் மரையோடு திருகி நிற்கும் பாகம்) மட்டும் லேத்தில் கடைய வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் மரை எதிரெதிர். உள்ளே தண்ணீர் புகுந்தால் அதில் திருகியிருக்கும் இரும்புத் தண்டு மரைப் பகுதியில் அரித்து முறியும், சக்கரம் மடங்கிவிடும். அதற்கு இடவேண்டியது கிரீஸ் அல்ல, ஈபி90 கியர் ஆயில்.

திரும்பும்போது கார்புரேட்டர், பம்ப் எதிலும் பெட்ரோல் வாடை இருக்கக் கூடாது. இருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.