பௌஹாஸா, சூசியா: கோதிக் ராக்கை எதில் தொடங்கலாம்?

கோதிக் ராக் என்ற இருண்ட ராக் இசைக்குள் நுழைய இரண்டு பிரிட்டிஷ் குழுக்களின் ஆல்பங்கள்: பௌஹாஸின் 'இன் த ஃபிளாட் ஃபீல்ட்' (1980), சூசி அண்ட் த பான்ஷீஸின் 'ஜூஜூ' (1981). இரண்டுமே போஸ்ட்-பங்க் (முரட்டு பங்க் ராக்குக்கு அடுத்து வந்த பாணி) வழி வந்தவை, எல்பியில் (வினைல் இசைத்தட்டில்) தலா ஒன்பது பாட்டு.

கிட்டார்: பௌஹாஸின் டேனியல் ஆஷ் மெட்டு கட்டுவதைவிடக் கீறுவதே அதிகம். பான்ஷீஸின் ஜான் மெக்கியோக் 'ஜூஜூ'வின் 'ஸ்பெல்பவுண்ட்' பாட்டில் 12 தந்தி அக்கூஸ்டிக்கைச் சுழலவிடுகிறார்.

பதிவு: பௌஹாஸ் தாங்களே தயாரித்தார்கள், கரடுமுரடு. முதல் பாட்டு 'டபுள் டேர்' பிபிசி வானொலியில் ஜான் பீல் நடத்திய இசை நிகழ்ச்சிக்காகப் பதிந்தது. ஸ்டுடியோவில் அந்த வேகம் பிடிபடாததால் அதையே போட்டுவிட்டார்கள். நல்ல முடிவு. 'ஜூஜூ'வில் தயாரிப்பாளர் நைஜல் கிரேயின் கைவண்ணம்; டிரம்மர் பட்ஜியின் டாம் (ஆழ்ந்த ஒலி தரும் டிரம்) அடிகள்கூடத் தனித்தனியாகக் கேட்கும்.

கவனம்: பௌஹாஸின் 'பெலா லுகோசிஸ் டெட்' பாட்டுக்காகப் இந்த ஆல்பத்தின் பழைய எல்பியை வாங்காதீர்கள். அந்தப் பாட்டு 1979இல் ஆல்பத்தில் சேராமல் தனியாக வந்த சிங்கிள்.

கிட்டார் பழகுபவருக்கு 'ஜூஜூ'. பங்க் எப்படி இருண்டது என்று கேட்க பௌஹாஸ், அதுவும் சத்தமாக.